கம்பத்தை ஏன் மாற்றினீர்கள்?

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் கடைசி வீடு நளினியுடையது. போன மே மாத மழையில் அந்த வீட்டுச் சமையலறைச் சுவருக்குப் பின்னால் தரை வாய் திறந்தது. முதலில் ஒரு அண்டா இறங்குகிற அளவுதான். சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட் ஒன்றை யாரோ எந்தக் காலத்திலோ மரக்கட்டை அடுக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். கட்டை உளுத்துப்போய்விட்டது. நளினியின் புருஷன் சம்பங்கி, மைன் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவன், உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தான். சற்று நேரம் கழித்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"இன்னாய்யா, ஆழமா?"

"நம்ம ஊட்ட முழுங்கிட்டு ஏப்பம் வுடும்மே."

வேறு இடத்துக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. மைன் கம்பெனி கொடுத்த அந்த லைன் வீடு இன்னும் அவர்கள் பெயருக்கு வரவில்லை. விற்க முடியாது. பெங்களூரில் வாடகை கொடுத்து இருக்கவும் முடியாது. ஒவ்வொரு மழைக்கும் குழியின் விளிம்பு சரிந்து சுவரை நோக்கி வந்தது.

லைனில் யாருக்கு என்ன குறை என்றாலும் மனுவை டென்சில் கையில் கொடுப்பதுதான் வழக்கம். பழைய யூனியன் ஆள். இஸ்திரி போட்ட சட்டையோடு போய், தெரிந்த அதிகாரியைப் பார்த்து, டீ குடித்து, மனுவை மேசைமேல் வைத்துவிட்டு வருவார். ரசீது கேட்பதை அவர் மரியாதைக் குறைவாக நினைத்தார். குழிக்காக அப்படிப் பலமுறை போய்வந்தார். ஒரு கூடை மண்கூட வரவில்லை.

நளினி தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூர் போகிறவள். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது வேலை. அவள் பார்க்கும் அறைகளில் ஒன்று சரணப்பாவுடையது. ராய்ச்சூர் பக்கத்துக்காரர், எதிர்க்கட்சி, மேலவை உறுப்பினர். அவருக்கு உதவியாளர் ரஷ்மி, சட்டம் படித்த பெண். அவள் அப்பா கே.ஜி.எஃப். ஃபாக்டரியில் எஞ்சினியராக இருந்தவர். அதனால் நளினியோடு தமிழில் பேசுவாள். ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நளினி குழியைப் பற்றிச் சொன்னாள்.

"எழுதிக் குடுங்கக்கா. சார் பேர்ல கேள்வி போடலாம். எழுத்துல கேட்டா மந்திரி எழுத்துலதான் பதில் சொல்லணும். அச்சடிச்சு சபையில வெப்பாங்க."

நளினி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நாட்டுக்கே தங்கம் எடுத்துக் கொடுத்த பரம்பரை என்று ஆரம்பித்து, மாமனார் பாறை விழுந்து செத்தது வரை இருந்தது. ரஷ்மி படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, இது கேள்வி இல்ல, ஒப்பாரி. தங்கம் வேணாம். பரம்பரை வேணாம். மாமனாரும் வேணாம், கோச்சுக்காதீங்க. வாதம் இருந்துச்சுன்னா கேள்வியையே தள்ளிடுவாங்க."

கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. பழைய சுரங்கக் குழி ஒன்று குடியிருப்பை ஒட்டிச் சரிந்திருப்பது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா? வந்திருந்தால் எப்போது மூடப்படும்?

ஜூலையில் சுரங்கத்துறை மந்திரியின் பதில் வந்தது. முதல் கேள்விக்கு: வரவில்லை. இரண்டாவதற்கு: கேள்வி எழவில்லை.

"வரலையா? டென்சில் அண்ணன் எத்தினி வாட்டி குடுத்தாரு!"

ரஷ்மி டென்சிலுக்கே போன் போட்டு, சீல் வைத்த ரசீது இருக்கிறதா என்று கேட்டாள்.

"ரசீதா?" டென்சில் குரலில் அடிபட்ட கோபம். "அந்தாளு நம்ம ஃப்ரெண்டும்மா. அவன் மவன் கல்யாணத்துல நான் மொய் எழுதியிருக்கேன். அவன்கிட்டப் போயி ரசீது கேப்பனா?"

ரஷ்மி போனை வைத்தாள். "அவரச் சொல்லி இன்னாக்கா. 'வந்துள்ளதா'ன்னு நான் கேட்டதே தப்பு. 'இல்ல'ன்னு ஒரு வார்த்தையில தப்பிச்சுப் போக நானே கதவத் தொறந்து வெச்சுட்டேன்."

அக்டோபரில் மறுபடி மழை. சமையலறைச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு விட்டது. அடுப்பை முன்னறைக்கு மாற்றினார்கள். வேலை முடிந்து திரும்பும்போது ரயில் பங்காருப்பேட்டை வந்ததும் நளினி வீட்டுக்கு ஒரு போன் போடுவாள். சம்பங்கி எடுத்து, "நிக்குது" என்பான். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஒரு நாள் அவள் முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"இருட்டுல உழுந்துட்டேன்மா. குழி ஓரம் ஒரு கரண்ட் கம்பம் இருந்துச்சு. சாயுதுன்னு கரண்ட் ஆபீஸ்காரங்க மழை புடிச்சப்பவே புடுங்கி அந்தாண்ட நட்டுட்டாங்க. எங்க வாசல்ல வெளிச்சமே இல்ல."

ரஷ்மி நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஜூலைக்கு முன்னாடியா?"

"அதுக்கு முந்தியேதான். ஏன்?"

"கரண்ட் ஆபீஸும் அரசாங்கம்தானக்கா?"

அடுத்த கூட்டத்தொடருக்கு மின்துறை மந்திரிக்கு ஒரு கேள்வி போயிற்று. மைசூர் மைன்ஸ் கடைசி லைனில் இருந்த மின்கம்பம் இடம் மாற்றப்பட்டதா, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக? அவ்வளவுதான்.

"குழின்னு ஒரு வார்த்தகூட இல்லையேம்மா."

"இருக்கக்கூடாதுக்கா. குழின்னா உஷாராயிடுவாங்க. கம்பத்தப் பாத்து யாரு பயப்படப்போறாங்க?"

சம்பங்கிக்கு இது விளங்கவில்லை. "ஊடே உழப்போவுது. இவ கம்பம் சௌக்கியமான்னு விசாரிக்கிறா," என்று லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டு வந்து வெடிப்பில் சிமென்ட் பூசினான்.

டிசம்பர் சபைக் கூட்டம் பெலகாவியில் நடந்தது. அங்கிருந்து ரஷ்மி பதிலை வாட்ஸப்பில் அனுப்பினாள். ரயிலில் நின்றபடியே நளினி படித்தாள். பதில் கன்னடத்தில் இருந்தது; அவள் படித்ததும் கன்னடப் பள்ளிக்கூடத்தில்தான். கம்பம் ஜூன் மாதம் மாற்றப்பட்டது. காரணம்: அருகிலிருந்த பழைய சுரங்கக் குழி சரிந்து அடித்தளம் வலுவிழந்ததால், பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி.

கூடவே ரஷ்மியின் குரல். "அக்கா, ஜூன்ல ஒரு இலாகா குழியப் பாத்துட்டு கம்பத்தத் தூக்கிட்டுப் போயிருக்கு. ஜூலைல இன்னொரு மந்திரி, கவனத்துக்கே வரலன்னு சபைக்கு எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டும் அச்சுல கீது. எது நெசம்னு பட்ஜெட் கூட்டத்துல கேக்கப்போறோம். இப்ப சொல்லட்டும், எழவில்லைன்னு!"

மூன்றாவது கேள்வி போனது. சபையில் பொய் எழுதிக் கொடுத்தார் என்று பெயர் வாங்க எந்த மந்திரிக்கும் ஆசையிருக்காது. பதில் சொல்ல வேண்டிய நாள் வருமுன்பே பிப்ரவரியில் லாரிகள் வந்தன. ஜீப்பில் வந்தவர்கள் குழியைச் சுற்றி நின்று, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கல்லைக் கொட்டினார்கள். மேலே கம்பி கட்டி கான்கிரீட் தளம் போட்டார்கள், வேலி அடித்தார்கள். மார்ச்சில் பதில் வந்தது: மூடப்பட்டுள்ளது. அது பொய்யில்லை. நளினி அதற்கு முன்பே தளத்தின்மேல் ஏறி மிதித்துப் பார்த்திருந்தாள்.

இரண்டு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டு முதலில் சரணப்பாவிடம் போனாள். அவருக்கு ஞாபகமில்லை.

"எந்தக் குழி?" என்று கன்னடத்தில் கேட்டார். ரஷ்மி சொன்னாள். அப்போதும் ஞாபகம் வரவில்லை. ஒரு கூட்டத்துக்கு அவர் எத்தனையோ கேள்விகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். "நிஜமாக மூடினார்களா? நீயே பார்த்தாயா?"

"பார்த்தேன் சார்."

"அப்போ சரி." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என் குளியலறையில் சுடுதண்ணி வரவில்லை. அதற்கு யாரிடம் கேள்வி போடுவது?"

நளினி அன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து சரிசெய்து கொடுத்தாள். அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஞாபகம் இருந்திருந்தால் அது அவர் செய்த உபகாரமாகியிருக்கும், ஆயுசுக்கும் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்கு என்று தெரியாமலே அவர் ஒரு கையெழுத்துப் போட்டார், அரசாங்கம் லாரி அனுப்பியது. இப்படியும் நடக்கும் என்று தெரிந்ததிலேயே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ரஷ்மி பெட்டியை வாங்கவில்லை. "எனக்கு வேணாம்கா. கரண்ட் ஆபீஸ்ல காரணம்னு ஒரு வரி எழுதினாரு பாருங்க, அவருக்குக் குடுங்க. 'நிர்வாகக் காரணம்'னு எழுதியிருந்தா நம்ம கத அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

கரண்ட் ஆபீஸில் விசாரித்தபோது ஜோஸ் என்கிற ஜூனியர் எஞ்சினியரைக் கைகாட்டினார்கள். முன்வழுக்கை, சட்டைப் பையில் டெஸ்டர்.

"மைசூர் மைன்ஸ் கம்பம், அதுக்குப் பதில் எழுதினது நீங்களா சார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னாம்மா இப்ப? அதுக்கு மேலருந்து வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?"

"குழின்னு ஏன் சார் எழுதினீங்க?"

"குழி இருந்துச்சு. கம்பம் ஆடுச்சு. வேற இன்னாத்த எழுதறது?"

எதையோ சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். பெட்டியை நீட்டினாள்.

"ஆபீஸ்ல எதுவும் வாங்கக்கூடாதும்மா. எடுங்க, எடுங்க."

"அப்ப ஊட்டுக்கு வாங்க சார். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்து ஊடு எங்களுதுதான்."

ஜோஸ் அவளை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அந்தச் சொவுரு நிக்குதா?"

"வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தார். அடுப்பு சமையலறைக்கே திரும்பியிருந்தது. நளினி ஆட்டுக்கறி வைத்திருந்தாள். முன்னறையில் இடமிருந்தும் சம்பங்கி பாயைச் சமையலறையில்தான் விரித்தான். ஜோஸ் வாசற்படியில் நின்று, வெடிப்பைப் பூசியிருந்த சிமென்ட் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குந்துங்க சார். எழுதினவரே பயந்தா எப்பிடி?" என்றான் சம்பங்கி.

ஜோஸ் சிரித்துவிட்டு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நளினி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"எலும்பா போடாதமே," என்றான் சம்பங்கி. "சதையா பாத்துப் போடு. சாரு கேக்க வெக்கப்படறாரு."

ஜோஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை.