கைப்பெட்டியில் ஒரு கால்

எங்கள் கல்லூரி மேடத்துக்கு அம்மை போட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் அடிக்க வருவீர்கள். அதனால் போனில் குரலை நன்றாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டேன். "ஐயோ மேடம், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றேன். போனை வைத்த கையோடு கட்டிலில் ஏறிக் குதித்தேன். முதல் வெளிநாடு, அதுவும் தனியாக! அவரோடு போயிருந்தால் பாத்ரூமுக்குக்கூட அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

நான் படிப்பது செயற்கைக் கை கால் செய்யும் படிப்பு, கடைசி வருடம். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்கள் செயற்கைக் காலோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருவது பெரும்பாடு. நான் செய்த முழங்கால் மூட்டில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உட்பக்கமாகத் திரும்பிக்கொடுக்கும். எழுந்து நின்றால் தானே பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் செயற்கைக் கால் செய்யும் ஒரு பெரிய பட்டறை மாணவர்களுக்காக நடத்தும் தேர்வுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் அதை மாட்டிக்கொண்டு நடந்து, உட்கார்ந்து, எழுந்து காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் அவர்களே அதை நிறையச் செய்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் எங்கள் கல்லூரி அலமாரிதான். சீனியர்களின் புராஜெக்டுகள் அதில் தூசி படிந்து கிடக்கின்றன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எதற்கெடுத்தாலும் முதலில் சட்டையைத்தான் தேடுவார்.

"தனியாவா? நானும் லீவு போட்டுட்டு வரேன்."

"பாஸ்போர்ட் இருக்காப்பா உங்களுக்கு?"

"எடுத்துட்டா போச்சு."

"நாளன்னிக்கு ஃபிளைட்டுப்பா!"

அம்மா துணி மடித்துக்கொண்டே, "அவ போகட்டும் விடுங்க. வாய் இருக்கு, பொழச்சுக்குவா" என்றாள். என் வாயைப் பற்றி அம்மா நல்லவிதமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்ததே அவள்தான். அண்ணன் சும்மா இருப்பானா? "பட்டாசு, அங்க போய் எவன்கிட்டயும் மல்லுக்கு நிக்காத. அடுத்த ஃபிளைட்ல ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றான். தலையணையை அவன் மேல் எறிந்தேன்.

அந்த முழங்கால் மூட்டை லக்கேஜில் போட எனக்கு மனசு வரவில்லை. யார் எங்கே தூக்கி வீசுவார்களோ? மூட்டு, குழாய், பாதம் மூன்றையும் பூட்டி, ஒரு முழுக் காலாகவே சால்வையில் சுற்றிக் கைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் பெட்டி ஸ்கேனருக்குள் போனதும் பெல்ட் நின்றது. திரையைப் பார்த்த காவலர் என்னைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கால் சார்."

"அது தெரியுது. யாரோடது?"

"இன்னும் யாரோடதும் இல்ல சார்."

பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். விளக்கம் கேட்டார். கேட்டது அவர் தப்பு. பொத்தானை அழுத்திக் காலைத் திருப்பிக் காட்டி, எப்படிப் பூட்டுகிறது என்று சொல்லி, பின்னால் வரிசை நீண்டு, கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "போம்மா தாயே, நல்லா வா" என்று அனுப்பிவைத்தார்.

விமானம் மேலே ஏறியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆள் இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி ஜன்னலைக் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. கொடுத்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன், குட்டி உப்புப் பொட்டலத்தைக்கூட விடாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்கிய ஊரில் யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை. வரக்கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேன். ரயில் டிக்கெட் மெஷின் என் நோட்டை இரண்டு தடவை துப்பியது. மூன்றாம் தடவை திட்டினேன், வாங்கிக்கொண்டது. தப்பான பிளாட்பாரத்தில் நின்று, ஓடி, சரியான ரயிலில் ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என்னைப்போல் ஒரு ராணி உலகத்தில் இல்லை என்று தோன்றியது. தங்கிய அறை கட்டிலை விடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் கதவை நானே திறந்தேன், நானே மூடினேன், மறுபடி திறந்தேன். கேட்க ஆளில்லை!

மறுநாள் காலை அந்தப் பட்டறைக்குள் நுழைந்தேன். பிளாஸ்டர் மாவின் வாசனை மட்டும்தான் எங்கள் கல்லூரி மாதிரி இருந்தது. மற்றபடி சுவர் முழுக்கக் கருவிகள், ஒவ்வொன்றும் அதன் இடத்தில். நடுவில் நடைக்கூடம், பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பிகள். அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம். எனக்கு அது நினைவில் இருப்பது நம் பேச்சாகத்தான், அப்படியே சொல்லிவிடுகிறேன்.

என் முழங்கால் மூட்டை மாட்டிக்கொள்ள வந்தவர் ஒரு நர்சரிப் பள்ளி டீச்சர். விபத்தில் கால் போய்ப் பல வருடம் ஆகிறதாம். தொடையில் மாட்டும் கிண்ணம் அவருடையதே, அதற்குக் கீழே என் காலைப் பூட்ட வேண்டும். பூட்டினேன். அவர் தன் ஷூவை அந்தப் பாதத்தில் போட்டு, நாடாவைக் கட்டி, "நடக்கட்டுமா பொண்ணு?" என்றார்.

"நடங்க டீச்சர்!"

முதல் அடியிலேயே மூட்டு மடங்கியது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார், பக்கத்தில் நின்ற பட்டறையின் தாடிக்கார டெக்னீஷியன் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்க்ரூவை இறுக்கினேன். திரும்ப நடந்தார். திரும்ப மடங்கியது. உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களில் மூத்தவர், உயரமான மனிதர், கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு தூரம் தனியாக வந்து ஒரு நல்ல மனுஷியைக் கீழே தள்ளிவிட்டுப் போகப் போகிறேனா? எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

தரையில் குப்புறப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் பார்த்தேன். குழாய் நேராக நிற்கவில்லை, முன்பக்கம் சாய்ந்திருந்தது. அட கடவுளே. ஷூ!

எங்கள் கல்லூரியில் நடைக்கூடத்துக்குள் செருப்பு போட்டு வந்தால் மேடம் தோலை உரித்துவிடுவார். நோயாளி, மாணவர், மேடம் எல்லோரும் வெறுங்கால். வெறும் பாதத்துக்கே காலை நிமிர்த்திப் பழகிய கண் என்னுடையது. ஷூவின் குதிகால் பாதத்தைப் பின்னால் தூக்கும், தூக்கினால் குழாய் முன்னால் சாயும், சாய்ந்தால் மூட்டு மடங்கும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவள் நான். கணுக்காலைத் தளர்த்தித் திரும்ப நிமிர்த்த நேரம் இல்லை.

"டீச்சர், ஷூவைக் கழட்டிடுங்க. ரெண்டு கால்லயும்."

தாடிக்காரர் குறுக்கே வந்தார். "அதெல்லாம் முடியாது. இங்க ஷூ இல்லாம யாரும் நடக்கக்கூடாது. ரூல்."

"சார், இந்தக் கால் வெறுங்காலுக்கு நிமிர்த்தினது. தப்பு என்னோடதுதான், மூட்டோடது இல்ல."

"விழுந்தா யாரும்மா பொறுப்பு?" என்றார் மூத்த நடுவர்.

அண்ணன் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. "சார், இது தரையில உட்கார்றதுக்குச் செஞ்ச மூட்டு. ஷூவைப் போட்டுக்கிட்டு யாராவது சம்மணம் போடுவாங்களா? நீங்க போடுவீங்களா?"

தாடிக்காரர் மூத்த நடுவரைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, இப்போதே ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஏங்க, கால் என்னோடது" என்றார் டீச்சர். "என் வகுப்புல பிள்ளைங்க எல்லாரும் ஷூவை வெளிய கழட்டிப் போட்டுட்டுத் தரையிலதான் உட்காருவாங்க. நான் ஒருத்திதான் இத்தனை வருஷமா ஷூவோட நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நான் கழட்டுறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து நாடாவை அவிழ்த்துவிட்டார். மூத்த நடுவர் தாடிக்காரரைப் பார்த்து, பக்கத்திலேயே நில்லு என்று கையால் காட்டினார்.

நல்ல கால் தரையில் பட்டதும் டீச்சர், "அம்மாடி, ஜில்லுங்குது!" என்றார். ஒரு அடி வைத்தார். நின்றது. இன்னொன்று. நின்றது. கம்பியின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். அதன் பிறகு கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தார். தாடிக்காரர் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனார், டீச்சர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இப்ப பொத்தானை அழுத்துங்க டீச்சர். கையை ஊனிக்கங்க. மெதுவா."

டக்கென்று கால் திரும்பியது. டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். தனக்கு முன்னால் தரையைக் கையால் தடவினார், அங்கே யாரோ சின்னப் பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துடைக்கக்கூட இல்லை.

"சரி, எழுந்து காட்டுங்க" என்றார் மூத்த நடுவர்.

"இருங்க சார். இப்பதான உட்கார்ந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம் இப்படி உட்கார முடியும்?"

"பிள்ளைங்க வீட்டுக்குப் போற வரைக்கும்."

மூத்த நடுவருக்கு அதற்கு மேல் நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மூட்டைக் கிட்டத்தில் பார்க்கிறேன் என்று வந்து, தன் ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, டீச்சருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் சடசடவென்று நெட்டி முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், என்னிடம் நாலு கேள்வி கேட்டார். பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். ம்ஹூம்.

டீச்சர் நல்ல காலை ஊன்றி, ஒரு கையைத் தரையில் வைத்து, எழுந்தார். டக்கென்று மூட்டு பூட்டிக்கொண்டது. ஆடாமல் நின்று, குனிந்து, மூத்த நடுவருக்குக் கையைக் கொடுத்து, "ம், வாங்க சார், எந்திரிங்க" என்று தூக்கிவிட்டார். தாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது.

"எடுத்துக்கறோம்" என்றார் மூத்த நடுவர், கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே. "ஆனா ஷூவோடவும் நிக்கணும், வெறுங்காலோடவும் நிக்கணும். அதுக்கு வழி பண்ணு."

"பண்றேன் சார். கண்டிப்பா பண்றேன் சார்!"

பிறகு நான் ஸ்க்ரூ கழற்றும் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு காலைக் கழற்றப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

"இதை இனிமே யாரும் கழட்ட வேண்டாம். திங்கக்கிழமை எட்டரைக்கு ஸ்கூல். பிள்ளைங்களோட உட்காரணும். எங்கயாவது லூசாச்சுன்னா எனக்குத் தெரியாது, நீதான் வந்து பாக்கணும்."

நான் மூத்த நடுவரைப் பார்த்தேன். அவர் ஷூ நாடாவைக் கட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

எனக்கு ஊர் திரும்ப டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. அப்பா டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு விமான நிலையத்தில் வந்து நிற்பார்.

"திங்கக்கிழமை எட்டரைக்கு ஸ்கூலுக்கு வரேன் டீச்சர்" என்றேன்.