அப்பாவின் முதுகு எத்தனை உயரம்

ஹிராகா குடும்பத்தில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. எங்கள் அரிசிக் கடையின் அளவுப்பெட்டி ஒரு பிடிகூடக் குறைந்ததில்லை என்பதும், எங்கள் முதுகு ஒரு விரற்கடைகூட வளைந்ததில்லை என்பதும் ஹகுஷிமா வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது என் முதுகு வளைய மறுப்பதற்கு வாதம்தான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். அவர் ஒசாகாக்காரர், எங்கள் குடும்பத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

ஆகவே, குன்றின் மேலுள்ள கதிர்வீச்சு ஆய்வு நிலையத்திலிருந்து மோரிவாகி என்பவர் அளவு நாடாவும் கையுமாக வந்து, அணுகுண்டு விழுந்த நேரத்தில் என் அப்பா எப்படி உட்கார்ந்திருந்தார் என்று மறுபடியும் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அதை அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லியாயிற்று. ஜன்னலோர அறையில், எட்டு வயது மகள் மிசாவோ பக்கத்தில் இருக்க, முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். வீடு சரிந்து, இருவரும் ஓடுகளுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்கள். நான் அன்று வெளியூரில், குரே கப்பல் பட்டறையில் இருந்தேன். ஆனாலும் ஊரறிந்த கதை அது. அப்பாவின் நினைவு நாளில் கோயில் குரு அதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

மோரிவாகி பணிவாக விளக்கினார். முன்பு ஆளுக்கு மொத்தமாக ஓர் அளவுதான் போட்டார்களாம். இப்போது வயிற்றில் எவ்வளவு கதிர் பட்டது, நுரையீரலில் எவ்வளவு, எலும்பு மஜ்ஜையில் எவ்வளவு என்று உறுப்பு உறுப்பாகக் கணக்கிடுகிறார்களாம். அதற்கு ஆள் நின்றாரா, உட்கார்ந்தாரா, படுத்தாரா, எந்தப் பக்கம் பார்த்தார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். எங்கள் மிசாவோவின் கணக்கு மட்டும் இடிக்கிறது. அடுத்த வீட்டுக் கிடங்கின் தடித்த மண்சுவர் கதிரை மறித்திருக்கிறது. உட்கார்ந்திருந்த குழந்தை முழுவதும் அந்தச் சுவரின் மறைவில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் இரத்தத்தைச் சோதித்தால், அதைவிட அதிகம் பட்டதாகத் தெரிகிறது.

"கணக்கு தப்பா இருக்கும்," என்றேன்.

மிசாவோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் தங்கைக்கு ஐம்பது வயதாகிறது. அண்ணன் என்ற பயம் இன்னும் வரவில்லை.

"கணக்கு சரிதான் அண்ணா. நாங்க உக்காரவே இல்ல. நான் நின்னுட்டிருந்தேன்."

"எங்க நின்னீங்கம்மா?" என்றார் மோரிவாகி.

"அப்பா முதுகு மேல."

இரவெல்லாம் தெருக்காவல் நின்ற அப்பா, அபாயம் நீங்கியதென்று சங்கு ஊதியதும் பாயில் குப்புறப் படுத்து, வலி தீர இடுப்பை மிதிக்கச் சொன்னாராம். பிறகு, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். பிள்ளைகள் பெரியவர்கள் முதுகை மிதிப்பது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் நடப்பதில்லை. நடந்தது என்று எழுதினால், குருவின் பேச்சு என்ன ஆவது? வீட்டு வழிபாட்டு மாடத்துப் படத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

இதை எழுதக் கூடாது என்று மோரிவாகியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மிசாவோ என்னை முறைத்தாள். "அவர் மானம்தான் உனக்குப் பெருசு. என் வயித்துல எவ்வளவு பட்டுச்சுன்னு தெரியாமலே நான் போய்ச் சேரணுமா?"

மோரிவாகி பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்காம எழுத மாட்டேன் ஐயா. என்ன, அம்மாவோட அளவு குறைச்சலாவே நின்னுடும். பரவாயில்லீங்களா?"

குறைச்சலாக. ஹிராகா வீட்டிலிருந்து குறைந்த அளவு வெளியே போயிருக்கிறது. அதுவும் இத்தனை வருடங்களாக. படத்திலிருந்த அப்பாவைப் பார்த்தேன். அரிசி அளக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"எழுதுங்க," என்றேன்.

அவர் உடனே, மேலே நின்ற குழந்தை சுவரின் மறைவைத் தாண்டி எவ்வளவு எழும்பியிருப்பாள் என்று கணக்கிட, படுத்திருந்த அப்பாவின் முதுகு தரையிலிருந்து எத்தனை உயரம் இருந்திருக்கும் என்று கேட்டார்.

"அண்ணனைப் படுக்கச் சொல்லுங்க," என்றாள் மிசாவோ. "அப்பாவோட அதே உடம்பு. அதே சிடுமூஞ்சி."

பட்டப்பகலில், அயலார் முன்னால், நான் படுத்ததில்லை. வடக்கே தலைவைக்க மாட்டேன் என்ற ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். இருவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து என்னை அலமாரி இறக்குவதுபோல இறக்கினார்கள். மோரிவாகி நாடாவைப் பிடித்துக்கொண்டு, அப்பா நேராகப் படுத்திருந்தாரா, ஒருக்களித்தா என்று விசாரித்தார்.

"நேரா," என்றேன் பாயிலிருந்து. "அப்படியே எழுதிக்கோங்க. படுத்தாலும் நேராத்தான் படுத்திருந்தார்."

"ஆமாமா, நேராத்தான்," என்றாள் மிசாவோ. "கால் விரலை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தார்."

"விரலை எழுத வேணாம்."

மேலே ஆள் நின்றால் முதுகு சற்று அமுங்குமே, அதற்கு எவ்வளவு கழிப்பது என்று மோரிவாகி தனக்குத்தானே யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மிசாவோ காலுறையைக் கழற்றிவிட்டாள்.

"ஒத்தக் காலுதான் அண்ணா."

அவள் குதிகால் என் இடுப்பில் அழுந்தியது. போருக்குப் பிறகு இறுகிப் போன ஏதோ ஒன்று உள்ளே மெல்ல விட்டுக்கொடுத்தது. மோரிவாகி அளந்தார், குறித்துக்கொண்டார், இது போதும் என்று தலை தாழ்த்தி நன்றி சொன்னார்.

"இறங்கிடவா?" என்றாள் மிசாவோ.

"ஒரு தடவை அளந்தா போதுமா? அவர் இன்னொரு தடவை அளக்கட்டும்," என்றேன். "நீ கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லு."