நாற்பத்தேழாவது கிலோமீட்டர்

நிரப்பிய விண்ணப்பத்தை சிஸ்டர் நீட்டியதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் அதைப் படிக்காமலே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காலியாக இருந்த ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினார். அறுபது தாண்டிய பெண்கள் என்றால் கணவனோ மகனோ அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான்கு நாளில் நூறு கிலோமீட்டர் நடக்கும் போட்டி அது. சிஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகும், தெருவில் எல்லோருக்கும் இன்னமும் சிஸ்டர்தான். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற லாரிக்காரருக்கு எழுபத்தொன்று. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருப்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் தன் கையெழுத்தைத் தானே போட்டு, எண் அட்டையை வாங்கிக்கொண்டு போயேவிட்டார்.

“அவருக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்க?” என்று கேட்டார் சிஸ்டர்.

“அவரு ஆம்பளைம்மா,” என்றார் மேசைக்காரர். குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அந்த விண்ணப்பத்தோடு வீட்டுக்கு நடந்தபோது சிஸ்டருக்குக் காது மடல் வரை சுட்டது. எட்டு மாதமாக விடிவதற்குள் எழுந்து குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகியவர். முதல் மாதம் நான்கு கிலோமீட்டருக்கே முழங்கால் கெஞ்சியது. இப்போது பதினைந்து நடந்துவிட்டு வந்து பேத்தியைப் பள்ளிக்குக் கிளப்புகிறார். இத்தனைக்கும் குறுக்கே ஒரு கட்டம் நிற்கிறது. ஆனால் பாதித் தூரம் போனதும் அந்தக் கோபம் அவர் பக்கமே திரும்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்த எத்தனை பெண்களிடம், “கூட யாரு வந்திருக்காங்க? கையெழுத்துப் போட ஆள் இருக்கா?” என்று கேட்டிருப்பார். வெளியூரில் இருந்த கணவன் வந்து சேரும்வரை ஒருத்தியை மதியத்திலிருந்து சாயங்காலம் வரை காத்திருக்க வைத்தது ஞாபகம் வந்தது. “நானே போடறேன் சிஸ்டர்” என்று அவள் கை நீட்டியும், படிவத்தைக் கொடுக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது இதே கைதான்.

மகனோடு பெரிய சண்டையே வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் சண்டை போடவில்லை. “உன் இஷ்டம்மா” என்றான். ஆபீஸ் போகிற வழியில் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டான். மறுநாள் எண் அட்டையும் வந்தது, நூற்றுப் பன்னிரண்டு. பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று சிஸ்டர் வெட்கப்பட்டார்.

முதல் நாள் இருபத்தைந்து கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் நாள் நாற்பத்தேழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது அமைப்பாளர்களின் வேன் ஓரமாக வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கி, “ஏறிக்கோங்கம்மா, உங்களுக்கு இன்னையோட முடிஞ்சுது” என்றாள். நேரம் தவறிவிட்டது போல என்று பதறிக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாற்பது நிமிடம் கையில் இருந்தது. அந்தப் பெண் தயங்கி, கையில் இருந்த விண்ணப்பத்தைக் காட்டினாள். மகனின் கையெழுத்துக்குக் கீழே, அவனுடைய அழகான சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: இரண்டு நாள் மட்டும். அதற்கு மேல் அம்மா கேட்டாலும் அனுமதிக்க வேண்டாம்.

‘அம்மா கேட்டாலும்’ என்ற இடத்தை சிஸ்டர் மூன்று முறை படித்தார். பிறகு அங்கேயே நின்று மகனுக்குப் போன் செய்தார்.

“சொன்னா நீ கேக்க மாட்டேம்மா,” என்றான் அவன். “ரெண்டு நாள் ஆசை தீர நடக்கட்டும்னுதான்…”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

“உனக்கு டைபாய்டு வந்தப்ப பதினோரு நாள் நைட் டியூட்டி பாத்துட்டு வந்து பகலெல்லாம் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்,” என்றார் சிஸ்டர். “அப்ப எனக்கு யாரும் ரெண்டு நாள் மட்டும்னு எழுதிக் குடுக்கல.”

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

எண் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றாள் தொப்பிக்காரப் பெண். சிஸ்டர் நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அட்டையை மட்டும் கொடுத்தார். ஊக்கு அவருடையது.

“ரோட்டுல நடக்க யாரு கையெழுத்து வேணும்மா?” என்று கேட்டார்.

“ரூல் நான் போடலம்மா,” என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. முப்பத்து நான்கு வருடம் தான் சொல்லிவந்த அதே பதில். அவளைத் திட்ட சிஸ்டருக்கு வாய் வரவில்லை. நடக்கத் தொடங்கினார்.

கொஞ்ச தூரத்தில் லாரிக்காரர் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேன் நின்றதை அவரும் பார்த்திருக்கிறார். வீம்பு பிடிக்காமல் ஏறிப் போயிருக்கலாமே, இந்த வயதில் யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று புத்தி சொன்னார். “நீங்க யாருக்கு நிரூபிக்கறீங்க?” என்று சிஸ்டர் கேட்டதும் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அன்று எல்லோரும் தங்கிய பள்ளிக்கூடத்தில் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. படுக்கை இல்லை, சாப்பாடு இல்லை. பெண்கள் அறையின் வாசலில் பையோடு நின்றவரைப் பார்த்து, இரண்டு நாளும் பின்னாலேயே நடந்துவந்த தையல்காரம்மா தன் மெத்தையைக் குறுக்கே இழுத்துப் போட்டார். தலையும் முதுகும் மெத்தையில், கால் தரையில் என்றால் இரண்டு பேர் படுக்கலாம். தன் தட்டில் இருந்ததையும் பாதியாக ஒதுக்கி நகர்த்தினார். நடந்ததைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு என் வீட்டுக்காரரு கையெழுத்துப் போடல சிஸ்டர். நானே போட்டுட்டேன். இடது கையால.”

அந்த இரண்டு நாளில் சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடிந்ததும் ஆத்திரம் முன்னைவிட அதிகமாக வந்தது. இத்தனை வயதில் திருட்டுத்தனமாக இடது கையால் எழுத வேண்டியிருக்கிறதே.

காலையில் இடது பாதம் வீங்கி ஷூவுக்குள் போக மறுத்தது. சிஸ்டர் அதை அமுக்கிப் பார்த்தார். நடந்ததால் வந்த வீக்கம்தான், எலும்பில் ஒன்றுமில்லை. தையல்காரம்மாவின் பையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை வாங்கி ஷூவின் முன்பக்கத் துணியை வாய் போல வெட்டித் திறந்தார். போனை ஆன் செய்ததும் மகனுடைய பதினேழு அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் மருமகளிடமிருந்து ஒரே ஒரு செய்தி: “அத்தை, எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?”

‘ஐம்பது’ என்று மட்டும் அனுப்பினார்.

எண் அட்டை குத்தியவர்கள் கயிறு கட்டிய வாசல் வழியாக ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்துப் புறப்பட்டார்கள். சிஸ்டர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மண் ஓரத்தில் இறங்கினார். இரவு தூறியதில் மண் இளகியிருந்தது. பின்னால் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது; அவர் திரும்பவில்லை. வெட்டிய ஷூவிலிருந்து எட்டிப் பார்த்த கட்டைவிரல் ஒவ்வொரு அடிக்கும் ஈர மண்ணில் சின்னதாக ஒரு குழி பறித்துக்கொண்டே போனது.