பாதம் வைத்த பந்து

சௌரிராஜன் வீசுகிற பந்து எதிர்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மட்டையடிப்பவர் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஸ்ரீரங்கத்தில் பேசிக்கொள்வார்கள். இது அபாண்டம். காபி சாப்பிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டே வரலாம். ஆனால் அந்த மெதுவில்தான் விஷம் இருந்தது. அவசரக்காரர்கள் பந்து வருவதற்குள் மட்டையை இரண்டு தடவை வீசிவிடுவார்கள். மூன்றாவது தடவைக்குக் கை ஓங்குவதற்குள் பந்து வந்து ஸ்டம்பைச் செல்லமாகத் தட்டும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறாத அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. ஒரே ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்ததே இல்லை. நாலு எடுப்பார். எப்போதும் நாலுதான். அதற்குமேல் மழை வரும், கேட்ச் நழுவும், ஒருமுறை எருமை வந்து ஆடுகளத்தின் நடுவில் படுத்துக்கொண்டு கடைசிவரை எழுந்திருக்கவில்லை. இப்போது முழங்காலும் தேய்ந்துவிட்டது. பாலக்கரைக்காரர்களோடு வருஷா வருஷம் நடக்கும் ஆட்டத்துக்கு அன்று காலை கிளம்பும்போது மனைவி வேதவதி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"இதான் கடைசி. சாயந்தரமே அந்த வெள்ளை பேண்ட்டைக் கிழிச்சுப் பிடிதுணியாக்கிடுவேன்."

"அஞ்சு எடுத்துட்டேன்னா நானே கிழிச்சுத் தரேன், போறுமா?"

"எடுக்கலேன்னாலும் கிழிப்பேன்."

ஆக, இன்று விட்டால் ஐந்து என்பது இந்தப் பிறவியில் இல்லை.

கொள்ளிடக் கரையோரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம் கடைசி ஓவரின் கடைசிப் பந்துக்கு வந்து நின்றது. பாலக்கரைக்கு ஐந்து ரன் வேண்டும். கையில் ஒரே விக்கெட். மட்டையோடு நிற்பவர் அவர்களுடைய கேப்டன் அமிர்தசாமி. இரும்புக் கடைக்காரர், ஆளும் கடையிலேயே வார்த்தெடுத்த மாதிரி இருப்பார். பந்து சௌரிராஜன் கையில். அவர் கணக்கில் நாலு விக்கெட்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆட்டத்தில் மட்டையடிக்கும் கட்சியே அம்பயரையும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வெளியாளைக் கூப்பிட்டால் மத்தியானச் சாப்பாடு போட வேண்டும் என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மனதாகச் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு அது. அதனால் அம்பயராக நின்றதும் பாலக்கரை மருதைதான். பந்து காலில் பட்டு, மூன்று ஸ்டம்பும் சாட்சி சொன்னாலும் "நாட் அவுட்" என்பார். பந்து வீசுவதற்கு முன்பே சொன்னதும் உண்டு.

சௌரிராஜன் பந்தை நெற்றி வியர்வையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு, ஓடிவரத் தயாரானார். அவருக்குப் பக்கத்தில் ரன்னுக்காகக் காத்து நின்ற பாலக்கரை அப்ரார் கூர்ந்து பார்த்தார்.

"அமிர்தண்ணே! பந்துல சுண்ணாம்பு!"

மைதானமே ஓடி வந்தது. மருதை பந்தை வாங்கினார். முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைக்கப் போனபோது அப்ரார் தடுத்தார். சிவப்புப் பந்தின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு தீற்று.

"டிவியில பாத்தோம்ல?" என்று அமிர்தசாமி கர்ஜித்ததில் கொள்ளிடத்துக் கொக்குகள் கல்லணைவரை பறந்துபோயின. "உப்புத்தாளு வச்சுத் தேச்சவங்களையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவங்க பட்டப்பகல்ல வெள்ளையே அடிச்சிருக்காங்க!"

"பதறாதீங்கோ," என்றார் சௌரிராஜன் சாந்தமாக. "பவுண்டரிக் கோட்டுச் சுண்ணாம்புல உருண்டிருக்கும்."

"பவுண்டரிக்கு எங்க சார் போச்சு? நீங்க போடுற பந்துக்கு எங்க ஆளுங்க பாதி பிட்ச்சுக்கு நடந்து வந்து அடிச்சும் கோட்டைத் தொடலியே? அது உங்க நெத்தியில இருக்கிற நாமம்!"

"நெத்தியில நாமம் பதினோரு பேருக்கும்தான் இருக்கு. எது யாரோடதுன்னு யார் கண்டா?"

நல்ல வாதம். மருதை பதினோரு நெற்றிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெயிலில் எல்லாமே கரைந்து வழிந்துகொண்டிருந்தன. ஆளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாவிட்டால் எச்சரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். சௌரிராஜனுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அவருடைய சொந்த விக்கெட் கீப்பர் ஆராவமுதன் கையுறையைக் கழற்றினார்.

ஆராவமுதன் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் அடுத்தவர் பிழையையே தேடிச் சம்பளம் வாங்கியவர். அந்தப் பதினோரு பேரில் அவர் ஒருவர்தான் வடகலை. மற்றவர்கள் எல்லோரும் தென்கலை.

"பதினோரு பேரும்னு பொத்தாம்பொதுவா சொல்லப்படாது, அம்பயர்," என்றார். "பந்தைக் கொஞ்சம் இப்படிக் குடுங்கோ."

"ஓய், சும்மா இரும்," என்று சௌரிராஜன் பல்லைக் கடித்தார்.

ஆராவமுதன் பந்தைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இதோ, ரெண்டு கோடு இறங்கறதா? இறங்கி, அடியில ஒண்ணாச் சேர்ந்து, கீழே சின்னதா ஒரு வால் மாதிரி நீள்றதா? அதுக்குப் பாதம்னு பேரு. மூக்குமேல பாதம் வைக்கறது தென்கலை. நாங்க வைக்கறதில்லை. ஆகையால இது அடியேனோட திருமண் இல்லை. அடியேன் பந்தைத் தேய்க்கவும் இல்லை. பாதத்தோட மண்ணும் இருந்து, பந்தை ஓயாம நெத்தியில தேய்ச்சதும் யாருன்னு பார்த்தா..."

மேலே சொல்லாமல் மரியாதையாகச் சௌரிராஜனைக் கையால் காட்டினார்.

"ஓய்! நீர் எந்தக் கட்சியில ஆடறீர்?"

"ஆட்டம் இன்னிக்கோட போயிடும். சம்பிரதாயம் நிக்கும்," என்றார் ஆராவமுதன்.

பத்து தென்கலைக்காரர்களும் அவர்மேல் பாய்ந்தார்கள். பந்தைச் சேதப்படுத்தியது சரியா தவறா என்ற கேள்வி அத்தோடு கொள்ளிடத்தில் முழுகிப்போயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் தீர்க்காமல் பத்திரமாக வைத்திருக்கும் வழக்கு, ஆடுகளத்தின் நடுவில், வாதி பிரதிவாதி எல்லோரும் வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு, புதிதாகத் தொடங்கியது. பாலக்கரைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டார்கள்.

மருதை ஒன்றும் புரியாமல், ஆனால் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டு, தீர்ப்பைச் சொன்னார். "அவங்க கட்சிக்காரரே ஒத்துக்கிட்டாரு. தண்டம் அஞ்சு ரன்னு. பாலக்கரை ஜெயிச்சிருச்சு!"

வேர்க்கடலைத் தோல் வானத்தில் பறந்தது. அப்ராரும் அமிர்தசாமியும் குதித்தாடினார்கள். சௌரிராஜன் நின்ற இடத்திலேயே நின்றார். ஆட்டம் போனது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த ஆட்டத்தில் ஸ்ரீரங்கம் தோற்பது வழக்கம்தான். வீசப்படாமல் கையில் இருக்கிறதே ஒரு பந்து! எருமை படுத்தபோதுகூட அவருக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

"அமிர்தசாமி," என்று கூப்பிட்டார். "ஜெயிச்சுட்டேள். சந்தோஷம். பாலக்கரைக்குப் போய் எப்படிச் சொல்லுவேள்? மட்டையால ஜெயிச்சோம்னா, இல்லை, ஆராவமுதன் காட்டிக் குடுத்தான், அதனால ஜெயிச்சோம்னா?"

அமிர்தசாமியின் ஆட்டம் பாதியில் நின்றது.

"சாகற வயசுல ஒரு கிழவன் போடற பந்து. அதுக்குப் பயந்துண்டு அம்பயர் வேஷ்டிக்குப் பின்னால ஒளிஞ்சுண்டார் இரும்புக் கடைக்காரர். நான் சொல்லலே. ஊர் சொல்லும்."

"யாரு பயந்தா?" அமிர்தசாமி மட்டையை ஓங்கித் தரையில் குத்தியதில் ஆடுகளத்தில் இன்றைக்கும் பள்ளம் இருக்கிறது. "ஒங்க தண்ட ரன்னு வேணாம்யா! போடுங்க பந்தை. ஆனா வேற பந்து. அப்புறம் அந்த நாமத்தைக் கழுவிட்டுப் போடுங்க. மறுபடி தேய்க்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

தென்கலை வடகலை இரண்டும் ஒரே நொடியில் அமைதியாயின.

பூணூல் போட்ட நாளிலிருந்து சௌரிராஜன் வெளியில் வெறும் நெற்றியோடு நின்றதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினுக்குள் போனபோதும் திருமண்ணோடுதான் போனார். வெறும் நெற்றியைப் பார்த்தாலே வேலை கெடும் என்று தெருவில் எத்தனை பேரை நிறுத்தி வைத்து உபதேசித்தவர்! அவர் ராஜகோபுரம் இருக்கும் திசையைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். நாலு என்று எண்ணி, ஐந்தாவது விரலில் நின்றார்.

"தண்ணி பாட்டில் யார்கிட்ட இருக்கு?" என்றார்.

கழுவினார். ஆராவமுதன் "ரங்கா! ரங்கா!" என்று இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக ஒன்று விடாமல் பார்த்தார்.

பிறகு சௌரிராஜன் ஓடி வந்தார். பந்து கிளம்பியது. உயரே போயிற்று, யோசித்தது, இறங்கியது. அமிர்தசாமி தஞ்சாவூருக்கே அடிக்கும் வேகத்தில் மட்டையைச் சுழற்றினார். மட்டை போன பிறகு சாவகாசமாக வந்த பந்து, நடு ஸ்டம்புக்கு நேரே நின்ற அவர் காலில் பட்டு ஓரமாக உருண்டது.

"ஹௌஸாட்!"

கண்ணே இல்லாதவருக்கும் அது அவுட். பதினோரு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஆராவமுதன் சௌரிராஜனைத் தூக்கிக்கொண்டே குதித்தார். இரண்டு கலையும் ஒன்றானது. பந்தை எடுக்கத்தான் ஆளில்லை.

"அப்ராரு, ஓடுடா!" என்று அமிர்தசாமி ஓடினார். ஒன்று. இரண்டு. கட்டிப் பிடித்தவர்கள் விலகவில்லை. மூன்று. யாரோ "பந்து, பந்து" என்றார். நாலு.

மருதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு கையை நீளமாக நீட்டினார். "நோ பால். ஒண்ணு. ஓடுனது நாலு. அஞ்சு ஆச்சு. பாலக்கரை ஜெயிச்சிருச்சு."

"நோ பாலா? கோட்டுக்கு ஒரு அடி பின்னாடி கால் வச்சேனே!"

"காலு சரிதாங்க. ஓவர் நடுவுல பௌலரை மாத்துனா அம்பயர்கிட்டச் சொல்லணும்ல? இவ்வளவு நேரம் போட்டது நாமம் போட்ட சாமி. நீங்க யாருங்க?"

அதற்கப்புறம் நடந்த சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது. அது ஓய்ந்து, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது சௌரிராஜன் மருதையை வேப்பமரத்துப் பக்கம் தனியாக ஒதுக்கினார்.

"மருதை, சண்டைக்குக் கேட்கலே. அது அவுட்தானே?"

"நடு ஸ்டம்பு சாமி. காலு மட்டும் குறுக்க இல்லாட்டி ஸ்டம்பு கொள்ளிடத்துலதான் போயி விழுந்திருக்கும்."

"அப்புறம் ஏன்யா என் வயித்துல அடிச்சே?"

"நான் அமிர்தண்ணன் வண்டியில வந்தவன் சாமி. அவுட் குடுத்தா காவேரிப் பாலத்துலயே எறக்கி விட்டுட்டுப் போயிருவாரு. வெயிலைப் பாத்தீங்கள்ல?"

சௌரிராஜன் வெயிலைப் பார்த்தார். தேய்ந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் என் காரை அனுப்பறேன். ஏசி போட்டுக் கூட்டிண்டு வந்து, ஏசி போட்டு வாசல்ல விடச் சொல்றேன்."

மருதை சற்று யோசித்தார்.

"காலை டிபனு?"

இன்னும் கால் மணியில் வெறும் நெற்றியோடு வேதவதி முன்னால் போய் நிற்கவேண்டிய அந்த மனிதர், அவளைக் கேட்காமலேயே அவள் கையால் ஒரு நெய் ரவா தோசைக்கு அங்கேயே வாக்குக் கொடுத்தார்.