சுவரில் மூன்றாவது படம்

ஷியாமளா கூட்டத்துக்குப் புறப்படும்போது அவள் புருஷன் சதாசிவன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் அவருக்கு இல்லை. நூலகக் கமிட்டியில் இருப்பவள் அவள்தான். இருந்தாலும் சட்டையைத் தேய்த்து, ஆணியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார்.

"எனக்க பேரு இண்ணு வருமா?" என்றார். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சத்தம்.

அவள் உள்ளங்கையைத் தரைப்பக்கமாக இரண்டு தடவை தாழ்த்திக் காட்டினாள். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். ஒரு வருஷமாக அந்தக் கைக்கு இதுதான் வேலை.

சதாசிவனுக்குச் செவி கேட்காது. பத்து வருஷம் பாறைமடையில் கம்ப்ரசர் பிடித்துக் கல் துளைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் சிங்காரி மேளத்தில் செண்டை கொட்டினார். கல் பாதி தின்றது, தோல் மீதியைத் தின்றது. இப்போது வெடிச்சத்தம் மட்டும் நெஞ்சில் ஒரு தள்ளு மாதிரி வரும். ஆள் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மேளத்தில் மற்றவர்களின் அடி அவருக்குக் கேட்பதில்லை. எதிரே நிற்கும் செட் தலைவன் அஜேஷின் மணிக்கட்டைக் கண்ணெடுக்காமல் பார்த்துக் கொட்டுவார். அது உயர்ந்தால் இவரும் உயர்த்துவார், அது நின்றால் நிறுத்துவார்.

இது தெரிந்தவள் ஷியாமளா ஒருத்தி. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். மகர மாதம் உற்சவ சீசன் ஆரம்பிக்கும். செவி போனவனை எந்த செட்டில் சேர்ப்பார்கள்? பாறைமடைக்குத் திரும்பிப் போக அவருக்கு வயது அறுபத்தொன்று.

"வந்து செல்லுதேன்" என்று வாயை நன்றாகத் திறந்து காட்டிவிட்டு அவள் நடந்தாள்.

கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வெள்ளறடை ரோட்டோரத்தில் இருந்தது வாயனசாலை, ஊர் நூலகம். அதன் எழுபத்தைந்தாம் வருஷத்துக்குக் கமிட்டி எடுத்த தீர்மானம், ஹாலின் மேற்குச் சுவரை ஊரின் இசைக்காரர்களுக்கு ஒதுக்குவது. வருஷத்துக்கு மூன்று பேருடைய படம் ஏறும். ஆள் உயிரோடு இருந்தால், திறப்பு நாளில் மேடையேறித் தனியாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் கீழேயிருந்து கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முகாமுகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஷியாமளா பயந்தது அந்த முகாமுகத்துக்குத்தான். தனியாகக் கொட்டுவது அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கூட்டத்தில் எங்கோ எழுந்து நிற்கும் ஒரு பிள்ளையின் உதடு மேடையிலிருந்து எப்படித் தெரியும்? அவர் திருதிருவென்று முழிப்பார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு படங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. காலமான ஒரு வில்லுப்பாட்டுக்காரி, காலமான ஒரு நாதஸ்வரக்காரர். செத்தவர்களைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. மூன்றாவது பெயரில் பிடித்துக்கொண்டது.

"சதாசிவன் மாமன்" என்றான் அஜேஷ். அவனும் கமிட்டி ஆள். "இதில ஆலோசிக்கவே வேண்டாம்."

தலைவர் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். மிஷன் சபையில் நாற்பது வருஷம் பாட்டுக்குழு நடத்தியவர். "நல்ல மனுஷன். நான் இல்லேன்னு செல்லேல. ஆனா கொட்டு வேற, சங்கீதம் வேற. சுருதி உண்டா அதில? பத்துப் பதினஞ்சு பேரு நிண்ணு தோலைப் போட்டு அடிக்குதான். ஜினுவைப் பாரு. கீபோர்டில எழுபது ராகம் வாசிப்பான்."

"ஜினு எந்த நாட்டுக்காரன்?" என்றான் ராஜதாஸ். சந்தையில் சுமை தூக்குகிறவன். கூட்டத்துக்கும் தலைத்துண்டோடு வந்திருந்தான். "அவனுக்க வீட்டு முன்வாசல் கேரளம், அடுக்களை தமிழ்நாடு. அவியளுக்குச் சோறு பொங்குதது அங்க, உண்ணுதது இஞ்ச."

"கீபோர்டு முன்னால உள்ள ரூமில இருக்கு" என்றாள் செயலாளர் ஷீனா, மினிட்ஸ் புக்கிலிருந்து தலை தூக்காமல். "அது கேரளமாக்கும்."

"பின்னே கீபோர்டுக்குப் படம் வையி. ஆளு ஷார்ஜாவில இல்லியா கிடக்குதான்."

"லீவுக்கு வருவான்" என்றார் ஞானசிகாமணி.

"சாரே, உங்க சபைக்காரன், அதாக்கும் காரியம்."

"எலே ராஜதாசு, அப்படிப் பறையாதே. நான் சங்கீதத்தைப் பற்றியாக்கும் பேசுதேன். அந்தச் சுவரில ஒரு ஆளு ஏறினா பின்ன எறக்க முடியாது. நாளைக்கு மைக் செட்டுக்காரனும் வந்து நிப்பான்."

"நிக்கட்டு. அவன் இல்லேன்னா உங்க பாட்டு ரோடு வரைக்கும் கேக்குமா?"

அஜேஷ் மட்டும் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னான். "சாரே, சுருதி இல்லேன்னு செல்லுதிய. பொழியூரில கடலு வீட்டுப்படி வரைக்கும் ஏறின வருஷம், உற்சவம் வேண்டாம்னு வச்சாவ. மாமன் ஒத்தைக்குப் போயி கரையில நிண்ணு ஒரு மணிக்கூறு கொட்டினாரு. அந்த ஆளுவ இப்பளும் அதைத்தான் பேசுதாவ. ஜினுவுக்க எழுபது ராகத்தையும் யாரு பேசுதா?"

ஞானசிகாமணி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஓட்டு என்று வந்தது. ராஜதாசும் அஜேஷும் சதாசிவன் பக்கம். தலைவர் ஜினு பக்கம். ஷீனா பேனாவை வைத்தாள்.

"ஷியாமளக்கா செல்லட்டு. வீட்டு ஆளில்லியா. அவிய செல்லுத பக்கம் நானும்."

நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். சும்மா தலையாட்டினால் போதும். வேறு எந்தப் பெண்டாட்டியும் ஆட்டியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது மேடையும், மைக்கும், கீழே எழுந்து நிற்கும் பிள்ளையும், பதில் இல்லாமல் நிற்கும் அந்த வெள்ளைச் சட்டையும்தான்.

"வேண்டாம்" என்றாள்.

"எந்தா?" என்றான் ராஜதாஸ்.

"அவரு கலைஞன் ஒண்ணும் இல்ல. பாறைமடையில கல்லு உடைச்ச ஆளு. முப்பது வயசில செண்டை எடுத்தாரு. சாரு செல்லுதது சரி, அது வெறும் கொட்டு. அவருக்கு மேல நல்லாக் கொட்டுதவன் பத்து பேரு உண்டு."

வார்த்தை ஒவ்வொன்றும் கல் மாதிரி வந்து விழுந்தது. நிறுத்த முடியவில்லை. அஜேஷ் வாயைத் திறந்து அவளையே பார்த்தான். ஞானசிகாமணிக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "அத்தனைக்கு வேண்டாம், ஷியாமளா" என்றார்.

மூன்றுக்கு இரண்டு. ஷீனா எழுதி, வாசித்து, நீட்டினாள். ஐந்து பேரும் ஒப்புப் போட்டார்கள். ஷியாமளாவின் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், பேனா வழுக்கியது.

வெளியே வந்து நூறடி நடந்திருப்பாள். பின்னால் பைக் வந்து நின்றது. அஜேஷ்.

"மாமி, எதுக்கு அப்படிச் செய்திய?"

"மனசில பட்டதைச் செல்லினேன்."

"பொய்." அவன் பைக்கை அணைத்தான். "மாமனுக்குச் செவி கேக்காது. எனக்கு அறியும்."

அவள் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"போன கொல்லம், கழிஞ்ச சீசனில, காட்டாக்கடைப் பக்கம் ஒரு உற்சவம். நடுவில கரண்ட் போச்சு. நான் கை காட்டினேன், எல்லாரும் நிறுத்தினானுவ. இருட்டில எனக்க கை அவருக்குத் தெரியேல. ஒத்தைக்குக் கொட்டிட்டே நிண்ணாரு. ஆளுவ தனி ஆவர்த்தனம்னு நினைச்சுக் கை தட்டினாவ. நான் மட்டும் பக்கத்தில போயி தோளைத் தொட்டேன். அதுக்குப் பெறவுதான் அவரை எனக்கு நேரெ எதிரில நிறுத்தினது. இடம் மாற முடியாது, முட்டு வேதனைன்னு அவரு செல்லினாரு. நானும் நம்பினதாட்டு இருந்தேன்."

"பின்ன நீ ஏன் மக்கா அவருக்க பேரைச் செல்லினே?"

"இந்த சீசன் அவரை வரிசையில நிறுத்த முடியாது மாமி. பயலுவ ஆடிக்கிட்டுக் கொட்டுதானுவ, இடம் மாறுதானுவ. அவருக்குக் கண்ணு பத்தாது. போன மாசம் ரெண்டு தடவை தாளம் தப்பிச்சு. பயலுவ முறுமுறுக்கத் தொடங்கியாச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "படம் சுவரில ஏறினா ஆசான்னு நோட்டீஸில போடலாம். முதல் கொட்டு அவரு கொட்டித் தொடங்கி வைக்கட்டு, பின்ன முன்னால கசேரையில இருக்கட்டு. ஆசானைக் கூட்டிட்டுப் போறதுக்கு எந்த உற்சவக் கமிட்டிக்காரனும் எதிரு செல்ல மாட்டான். இப்ப நான் என்ன செல்லி அவரை வண்டியில ஏத்துவேன்? வீட்டுக்காரியே வெறும் கொட்டுன்னு செல்லியாச்சே."

ஷியாமளா வாயனசாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. சத்தியம் செய்து கொடுத்த கை அவள் முந்தானையைப் பிடித்து முறுக்கியது.

"வண்டியைத் திருப்பு" என்றாள்.

ஞானசிகாமணி பூட்டைக் கையில் வைத்திருந்தார். ஷீனா புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள்.

"சாரே, நான் பறைஞ்சது கள்ளம்" என்றாள் ஷியாமளா. "அவருக்கு ரெண்டு செவியும் கேக்காது. ஒரு கொல்லத்துக்கு மேல ஆச்சு. மேடையில பிள்ளைய கேக்குதது புரியாம நாணம் கெடும்னு பயந்து அப்படிச் செல்லிட்டேன்."

ஞானசிகாமணி பூட்டைக் கைமாற்றிப் பிடித்தார். "ஈஸ்டருக்கு நம்ம சபை ஊர்வலத்தில கொட்டினாரே."

"ஆமா."

"அன்னைக்கும் கேக்காதா?"

"கேக்காது."

"எனக்க பாட்டுக்குழு பாட்டுக்கு இடையில அவரு ஒரு இடத்தில நிறுத்தி, ரெண்டு அடி விட்டு எடுத்தாரு. எனக்க ஆளுவ பிந்தினதை அவரு கேட்டு விட்டுத் தந்தாருன்னு நினைச்சேன்."

"நான் விட்டேன் சாரே" என்றான் அஜேஷ். "அவரு எனக்க கையைப் பார்த்தாரு."

கிழவர் பூட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவருக்குள் என்ன ஓடியதோ தெரியாது. சங்கீதத்தைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "மினிட்ஸ் முடிஞ்சுதே" என்றார்.

"ஒப்புக்குக் கீழ அரைப் பக்கம் கிடக்கு" என்றாள் ஷீனா. "அஞ்சு பேரும் இருந்தா மாற்றி எழுதலாம். ஆனா காரணம் எழுதணும் அக்கா. பொதுக்குழுவில அதை உரக்க வாசிப்பாவ."

அதுதான் விஷயம். எழுதினால் ஊருக்கே தெரியும். தலையில் வைத்த கையை அவளே எடுத்துப் போடுவது.

"எழுது" என்றாள்.

அஜேஷ் சாயாக்கடையிலிருந்து ராஜதாஸை இழுத்து வந்தான். கதை கேட்டதும் அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "ஜினுவுக்கு அடுத்த கொல்லம் போடலாம். அவனுக்கு ஒரு லீவும் தோதா வரும்" என்றான்.

"முகாமுகம்?" என்றார் ஞானசிகாமணி. "சட்டத்தை நமக்கு வேண்டி மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம்" என்றாள் ஷியாமளா. "பிள்ளைய கேள்வியைப் பேப்பரில எழுதிக் குடுக்கட்டு. மலையாளத்தில எழுதினா அவரு வாசிப்பாரு. பதிலை வாயால செல்லுவாரு. அவருக்கு மைக் வேண்டாம்."

இரண்டாம் தடவை ஒப்புப் போட்டாள். இந்தத் தடவையும் கோணித்தான் போனது.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சதாசிவன் முற்றத்தில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். சட்டை இன்னும் ஆணியில். அவள் படியேறுவதற்குள்ளேயே அவள் வாயைத் தேடினார்.

அவள் நேராக உள்ளே போய்ப் பல்பைப் போட்டாள். அதன் கீழே வந்து நின்று, முகத்தைத் தூக்கிக் காட்டினாள். முதலில் பெயர் வந்த கதையைச் சொன்னால் பிறகு மற்றது வாயில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாருட்டயும் செல்லிட்டேன். உங்க செவியைப் பற்றி. புக்கில எழுதியாச்சு."

அவர் முகம் ஒரு நொடி பாறை மாதிரி ஆனது. அவள் நிறுத்தாமல் மீதியையும் சொன்னாள். தான் முதலில் வேண்டாம் என்றது, கல் உடைத்தவன் என்றது, அஜேஷ் வழியில் மறித்தது, சுவர், ஆசான், கசேரை, பேப்பரில் கேள்வி. எதையும் விடவில்லை. அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை, எதிரில் நிற்பது அஜேஷின் மணிக்கட்டு என்பதுபோல.

"வெறும் கொட்டுன்னு நீயா செல்லினே?" என்றார்.

"நான்தான்."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அஜேஷுக்கு அறியுமா?"

"ஒரு கொல்லமாட்டு அறியும்."

சதாசிவன் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முட்டின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, ஆசுவாசமா, அவளால் படிக்க முடியவில்லை. உதட்டைப் பார்த்து ஆளைப் படிப்பது அவருடைய வித்தை, அவளுடையது அல்ல.

"பின்ன எதுக்குட்டி ஒரு கொல்லமா எனக்க வாயை அடைச்சு வச்சே?" என்றார். முழுச் சத்தம். அடுத்த வீட்டு ஷாஜி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

ஷியாமளாவின் கை பழக்கத்தில் பாதிவரை எழுந்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.