பிரேக்கைத் தொடாதே

வைகுண்டராஜ் கார் வாங்கியதில் ஊருக்குப் பொறாமை, உறவுக்குப் புகைச்சல், அவன் மனைவி பாண்டீஸ்வரிக்கோ பயம். ஏலக்காய் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவன் இத்தனை பெரிய எஸ்.யு.வி.யைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் பெண்டாட்டி பூரித்துப் போக வேண்டாமா? அவள் பூரிக்கவில்லை. வண்டி வந்த நாளிலிருந்து அவன் மனிதர்களிடம் பேசியதைவிட வண்டியிடம் பேசியதுதான் அதிகம். ஏ.சி.யைக் குறை என்பான், குறையும். கூரையைத் திற என்பான், திறக்கும். சொன்ன சொல் தட்டாத ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. இப்போது இரண்டாயிற்று.

அன்று காலை தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயிலில் வண்டிக்குப் பூசை. பூசாரி முகப்பில் பெரிய ரோசாமாலையைத் தொங்கவிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பாண்டீஸ்வரிதான் தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணாடியிலும் பூசிவிடச் சொன்னாள். அவரும் எக்கி, முன்கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவாகத் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டு, அதன்மேல் சந்தனத்தையும் அப்பினார். பழங்கள் நசுங்கின, எல்லோரும் கும்பிட்டார்கள்.

கறிச்சோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் வினை வந்தது. பாண்டீஸ்வரியின் தம்பி வேல்பாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. இவ்வளவு விலை கொடுத்தீர்களே, இது அப்படி என்னதான் செய்யும் என்று மச்சானைக் கிண்டினான். ஆள் குறுக்கே வந்தால் தானாகவே நின்றுவிடும், மதுரை ஷோரூமில் ரப்பர் பொம்மையை நிறுத்திக் காட்டினார்கள் என்றான் வைகுண்டராஜ்.

“பொம்மைக்கு நிக்கும் மச்சான். நீங்க நிப்பீகளா?”

சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வைகுண்டராஜைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிட்டால் அதன்பிறகு அவனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. கோயிலை ஒட்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த நிலத்தில் நேராக ஒரு தார்ரோடு. அதன் கோடியில் போய் நிற்பதாகச் சொன்னான். வண்டியை ஓட்டிவரச் சொன்னபோது வேல்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, கொலைப்பழி தனக்கு வேண்டாமென்று ஒதுங்கினான். அப்புறம் யார்? லைசென்ஸ் இருக்கிறது, பழைய காரில் அவனே கற்றுக்கொடுத்தும் இருக்கிறான். பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டான்.

“இருவதுல வா. பிரேக்க மட்டும் தொடாத. தொட்டேன்னா எம் மானம் போயிரும்.”

குரலை உயர்த்தவில்லை. அவன் உயர்த்தாமல் பேசும் குரல்தான் அவளுக்கு ஆகாது. அந்தக் குரலுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் போய்க் கைகட்டி நின்றான். அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை உயிர்ப்பித்ததும் திரையில் மஞ்சளாக ஒரு வரி வந்தது. இங்கிலீஷ்தான். பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். முன் கேமரா மறைந்திருக்கிறது என்றது வண்டி. நிமிர்ந்து பார்த்தாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியின் நேர் எதிரே திருநீறும் சந்தனமும் சுவர்போலக் காய்ந்து கிடந்தன. அந்தப் பெட்டிதான் ரோட்டைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறது, அதை மட்டும் மறைத்துவிடாதீர்கள் என்று ஷோரூம் பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அப்போது வைகுண்டராஜ் போனில் யாரிடமோ ஏலக்காய் விலை பேசிக்கொண்டிருந்தான். கேட்டது அவள் மட்டும்தான்.

கதவுக் கண்ணாடியை இறக்கி, ஏங்க என்று கத்தினாள். கணவாய்க் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவன் கையை ஆட்டி, வா வா என்றான். வேல்பாண்டி போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

இறங்கி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். அவனோடு பதினேழு வருசம் குடித்தனம் நடத்தியவர்கள் கேட்கட்டும். அவள் கால் அழுத்தியது. வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தாள். ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை. அவன் பெரிதாகிக்கொண்டே வந்தான். வேட்டிக் கரை தெரிந்தது. மீசை தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், பாவி. கருப்பா என்று அலறி இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள்.

வண்டி குனிந்து நின்றது. முகப்பு மாலை முன்னால் ஆடி அவன் முழங்காலில் மோதியது.

கைதட்டல் எழுந்தது. வைகுண்டராஜ் பானெட்டைத் தட்டிக்கொடுத்தான். அவள் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. போகட்டும், ஆள் பிழைத்தான், வண்டியே நின்றதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அவன் கதவைத் திறந்தான்.

“எறங்கு. இப்ப மாப்ள நிக்கட்டும். நான் நாப்பதுல வாரேன்.”

வேல்பாண்டி கண்ணால் பார்த்துவிட்டானே, இனி அவனுக்கென்ன பயம்? போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, வீடியோவுக்காகத் தலையைக் கோதிக்கொண்டே போய் ரோட்டின் நடுவில் நின்றான். அவளுடைய ஒரே தம்பி. ஓட்டப்போகிறவன் பிரேக் பக்கம் காலையே கொண்டுபோக மாட்டான்.

பாண்டீஸ்வரி இறங்கவில்லை.

“வண்டி நிக்கல.”

“என்னது?”

“வண்டி நிக்கல. நாந்தேன் மிதிச்சேன்.”

எல்லோருக்கும் கேட்டுவிட்டது. வைகுண்டராஜின் முகம் கறுத்தது. பொய் சொல்லாமல் இறங்கும்படி, குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அவளுக்குப் பயம் எள்ளளவும் குறையவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

“நம்பலேன்னா நீங்களே போயி திரும்ப நில்லுங்க. இந்தத் தடவ நான் மிதிக்கல.”

வேல்பாண்டி மெல்ல ரோட்டை விட்டு ஒதுங்கினான். வைகுண்டராஜ் தான் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் கண் போன வழியே, கண்ணாடியில் காய்ந்திருந்த திருநீற்றைப் பார்த்தான். சொந்தக்காரர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் போகவில்லை.