தீக்குழாயின் சக்கரம்

முதலாளி தலகூராஸ் என் மச்சான் ஸ்தெர்கியோஸுக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது யூரோ. ஜூன் மாதத்து வேலை அது. எங்கள் பருத்தி ஜின்னிங் ஆலையில், தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுவரும் தீக்குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு கெட்டுப்போய், தெருவிலிருந்து வரும் தண்ணீர் முழு வேகத்தோடு ஏறி, கூரைக்கடியில் ஓடும் தெளிப்பான் குழாய்களின் மூட்டெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்தெர்கியோஸ் வால்வைப் பிரித்து, கிழிந்துபோன ரப்பர் சவ்வை மாற்றி, மூட்டுகளை இறுக்கிக் கொடுத்தான். சாமான்கள் எல்லாம் அவன் கைக்காசு. அறுவடைக்கு முன்னால் தருகிறேன் என்றார் முதலாளி. அறுவடை வந்ததும் மானியம் வரட்டும் என்றார். மானியம் வந்தது. அந்த வாரம் அவர் வாசலில் புது வண்டி நின்றது.

வண்டி வந்த மறுநாள் மத்தியானம் ஸ்தெர்கியோஸ் ஆலை வாசலில் இருக்கும் குழிக்குள் இறங்கினான். தீக்குழாயின் பெரிய வால்வை மூடினான். மேலே நின்ற தண்ணீரை வடித்துவிட்டான். வால்வின் கைச்சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் நடந்து போனான். யாரும் தடுக்கவில்லை. தடுக்கவும் மாட்டார்கள்.

எங்கள் சமவெளியில் குழாய் வேலைக்காரர்களின் வழக்கம் அது. கூலி தராதவனின் வால்வுச் சக்கரம் வேலை செய்தவன் வீட்டுச் சுவரில் தொங்கும். காசு வந்தால் சக்கரம் திரும்பும். அதுவரை வேறு எந்தப் பிளம்பரும் அந்த வால்வில் கை வைக்க மாட்டான். வயல்காரர்களிடம் இது தப்பாமல் பலித்தது. ஜூலை வெயிலில் பருத்திக்குத் தண்ணீர் நின்றால் எந்தக் கஞ்சனும் ஓடிவருவான், காசோடு ஒரு புட்டி சிப்புரோச் சாராயமும் சேர்த்து. ஸ்தெர்கியோஸ் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். தீக்குழாய்த் தண்ணீரை யாரும் தேடுவதில்லை. அது இல்லாமலேயே பொழுது விடியும், இயந்திரம் ஓடும், லாரி போகும். அது இல்லை என்பது ஒரே ஒரு நாள்தான் தெரியும்.

என் பெயர் வாயோ. அந்த ஆலையில் பொதி அமுக்கும் இயந்திரத்தில் நிற்பவன். என் மனைவி அசிமீனா, ஸ்தெர்கியோஸின் தங்கை, அம்பாரக் கொட்டகையில். டிராக்டர்கள் கொண்டுவந்து கொட்டும் கொட்டைப்பருத்தியை முட்கரண்டியால் வாரி உறிஞ்சு குழாயின் வாய்க்குத் தள்ளுவது அவள் வேலை. கொட்டகைக்கு ஒரே வாசல். அவள் நிற்பது கடைக்கோடியில். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே கூரையைத் தொடும் பருத்தி. தலைக்கு மேலே வரிசையாகத் தெளிப்பான்கள், சின்னச் சின்னப் பித்தளைப் பூக்கள் போல. ஜூன் வரை அவற்றை நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை. இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பருத்தி ஈரத்தோடு வந்தது. ஈரப் பருத்தியைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் சூடேறும். வெளியே கை வைத்தால் குளிரும், முழங்கை வரை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் அக்குள் மாதிரி இருக்கும். பொறி ஒன்று உள்ளே போய்விட்டால் போதும். பருத்திக்குள் தீ எரியாது, தின்னும். புகையும் விடாமல் நாள்கணக்கில் தின்றுகொண்டே கிடந்து, காற்றுப் படும் இடத்துக்கு வந்ததும் எழுந்து நிற்கும்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். குழி ஓரத்தில்தான் நின்றிருந்தார். கூட மேஸ்திரி ஸிசிஸ்.

"முதலாளி, பருத்தி சூடா இருக்கு. தீக்குழாய்ல தண்ணி இல்ல."

"தண்ணி இல்லையா?" அழுத்தம் காட்டும் மானியைக் கையால் தட்டினார். "ஆறுல நிக்குது பாரு ஊசி. கண்ணு தெரியலையா உனக்கு?"

"அது வால்வுக்கு இந்தப் பக்கம் இருக்குற மானிங்க. தெருத்தண்ணியோட கணக்கு. அந்தப் பக்கம் குழாய் காஞ்சு கெடக்கு."

"இன்சூரன்ஸ்காரன் வந்து இதே ஊசியைப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டான். அவனைவிட நீ பெரிய ஆளா?" ஸிசிஸைப் பார்த்துச் சிரித்தார். "உன் மச்சானைச் சக்கரத்தை வச்சு வண்டி ஓட்டச் சொல்லு. இன்னைக்கு அவனுக்கு நான் பயந்து குடுத்தா, நாளைக்கு எலக்ட்ரீசியன் ஃப்யூஸைப் பிடுங்கிட்டுப் போவான்."

குழிக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புப் பலகை இருந்தது. நான் எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். இன்னமும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். 'இந்த வால்வு எப்போதும் திறந்திருக்க வேண்டும்.' இருபது வருடமாக அதன் அடியில் உட்கார்ந்துதான் மத்தியானம் ரொட்டியும் ஆலிவும் தின்றிருக்கிறேன். அப்போது அது வெறும் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தெர்கியோஸ் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே, தேவமாதா படத்துக்குப் பக்கத்தில், சக்கரம் தொங்கியது.

"குடுத்துடு மச்சான். உன் தங்கச்சி அங்கதான் நிக்கறா."

"அப்போ அவளை வேலைக்குப் போகாம இருக்கச் சொல்லு."

"போகாம இருந்தா நீ சோறு போடுவியா?"

"எதை வச்சுப் போட? அந்தாள் என் காசுல வண்டி வாங்கிட்டான், என் வண்டி இஞ்சின் இல்லாம கொட்டாய்ல கெடக்கு." ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தான். "வாயோ, நான் இதைச் சும்மா கொண்டு போய் மாட்டினா இந்தச் சமவெளில ஒருத்தன் எவனுக்கும் கூலி தரமாட்டான். எனக்கு மட்டுமா? தண்ணிக் குழாயைத் தொடுற எல்லாருக்கும்."

அவன் சொன்னதும் பொய்யில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை உறிஞ்சு குழாய்க்குள் கல் ஒன்று போய், அதன் வாயருகே பருத்தியைப் பிய்க்கும் கத்திப்பற்களில் பட்டுச் சடசடவென்று பொறி பறந்தது. ஸிசிஸ் இயந்திரத்தை நிறுத்தினான். கல்லைத் தேடி எடுத்தோம். சுற்றியிருந்த பஞ்சை வாரி வெளியே எறிந்து வாளித் தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் சரி என்றான். திரும்ப ஓட்டினான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வாசனை. துணியை இஸ்திரிப் பெட்டிக்கடியில் மறந்துவிட்டால் வருமே, கருகுவதற்குச் சற்று முந்தின வாசனை. மற்றவர்களிடம் கேட்டேன். ஒருவன் இருக்கு என்றான், ஒருவன் இல்லை என்றான், ஒருவன் உன் மீசையில் பார் என்றான்.

அசிமீனா மட்டும் சிரிக்கவில்லை. இரவு படுக்கையில் அவள் கூந்தலிலும் அந்த வாசனை இருந்தது. "நாளைக்கு நான் போய்ப் பேசறேன்" என்றாள், அவ்வளவுதான்.

பேசவெல்லாம் இல்லை. மறுநாள் மத்தியான இடைவேளையில் அண்ணன் வீட்டுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, சக்கரத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சாலை நெடுகப் பருத்தி டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையை ஒட்டி இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வந்தாள். பின்னாலேயே ஸ்தெர்கியோஸ், கால் சட்டைக்கு மேலே பனியனோடு, கத்திக்கொண்டு.

"ஏண்டி, மானத்தை வாங்கறியா? குடு இங்க!"

"உன் மானம் உன் சுவத்துல தொங்கட்டும்ணே. நான் நிக்குற எடத்துல தண்ணி வேணும் எனக்கு."

"அந்தாள் காசு குடுக்கல!"

"அப்போ நான் செத்ததும் அந்தாள்கிட்ட சேத்து வாங்கிக்கோ."

டிராக்டர்காரர்கள் எல்லோரும் இறங்கி நின்று பார்த்தார்கள். ஒருவன் கைதட்டினான். சத்தம் கேட்டு முதலாளி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். திட்டத்தான் வந்தார். ஆனால் அவர் கண் எங்களைத் தாண்டிக் கொட்டகைக் கூரைக்குப் போய் அங்கேயே நின்றது. நானும் திரும்பினேன். கூரை ஓட்டின் இடுக்கிலிருந்து ஒரு நூல் கிளம்பியிருந்தது. வெள்ளை நூல். பஞ்சு பறப்பது போலத்தான் இருந்தது. பஞ்சு அப்படி நேராக மேலே போகாது.

உள்ளே இருந்தவர்கள் சாப்பிட வெளியே வந்திருந்த நேரம் அது. யாரோ தீயணைப்புக்குப் போன் போட்டார்கள். வண்டி கார்தீட்சா நகரத்திலிருந்து வர வேண்டும், அந்த டிராக்டர் வரிசையைப் பிளந்துகொண்டு. முதலாளி அலுவலகத்துக்குள் ஓடினார், ஒரு உறையோடு ஓடிவந்தார். நோட்டுகளை உருவி எண்ணினார், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு மொத்தத்தையும் ஸ்தெர்கியோஸின் கால்சட்டைப் பையில் திணித்தார்.

"இந்தா, எல்லாம் இருக்கு, மேலயும் இருக்கு. தொற, சீக்கிரம் தொற!"

ஸ்தெர்கியோஸ் தங்கையின் கையிலிருந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டு குழிக்குள் குதித்தான். "கடைசிக் குழாய்ல ஒருத்தர் பாக்கணும்" என்று கத்தினான். தெளிப்பான் வரிசையின் முடிவில் ஒரு சோதனைக் குழாய் உண்டு, தண்ணீர் அதுவரை வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அது கொட்டகையின் கடைக்கோடியில், அவள் தினம் நிற்கும் இடத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் அசிமீனா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சக்கரம் தண்டில் உட்கார்ந்தது. அவன் வலப்பக்கமாகச் சுற்றினான். எங்கள் ஆலை வால்வு பழசு, எல்லா வால்வுக்கும் நேர்மாறு, வலப்பக்கம்தான் திறக்கும். சுற்றினான். மறுபடி சுற்றினான். மூச்சு முட்ட வேண்டிய வேலை அது, ஆனால் சக்கரம் கவிழ்த்து வைத்த சைக்கிள் சக்கரம் போலச் சுழன்றது. அவன் கையை எடுத்தான். அது தன்பாட்டில் இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றது. சக்கரத்தைக் கழற்றித் தண்டின் நுனியைத் தடவினான். அதில் ரெஞ்சின் பல் பட்ட தழும்புகள், பளபளவென்று, புதுசாக.

"எவன்டா இதுல ரெஞ்ச் போட்டது?"

ஸிசிஸ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"போன வாரம். அவர்தான் நீயே தொறன்னு சொன்னாரு" என்றான் ஸிசிஸ். "இடப்பக்கம் திருப்பினேன். ரொம்ப டைட்டா இருந்துச்சு. ரெஞ்சுல பைப்பை மாட்டி அழுத்தினதும் டக்குன்னு லேசாயிடுச்சு. தொறந்துட்டேன்னு நெனச்சேன்."

"தொறக்கலடா. மூடி, இறுக்கி, தண்டை முறிச்சிருக்க." ஸ்தெர்கியோஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. மானியில் ஊசி அசையாமல் ஆறில் நின்றது. அவன் பையிலிருந்து நோட்டு ஒன்று நழுவிக் குழிக்குள் விழுந்தது. அவன் குனியவில்லை.

நான் கொட்டகைக்குள் ஓடினேன். உள்ளே புகை அதிகமில்லை, அதுதான் பயமாக இருந்தது. அம்பாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய வழி. அதன் கடைசியில் அசிமீனா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வாளியைச் சோதனைக் குழாயின் அடியில் இரண்டு கையாலும் ஏந்தி, காதைக் குழாய்மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"அசிமீனா, வா! தண்ணி வராது, வெளிய வா!"

அவள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி என்னை அடக்கினாள்.

"சத்தம் போடாத வாயோ. வர்ற மாதிரி இருக்கு. புஸ்ஸுன்னு கேக்குது பாரு."

எனக்கும் கேட்டது. குழாயிலிருந்து அல்ல. எங்கள் இருவருக்கும் நடுவே, அம்பாரத்தின் உள்ளிருந்து. அவள் தோள் உயரத்தில் வெள்ளைப் பருத்தியில் ஒரு கையகலம் மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.